கம்பிக்குக் கீழே ஒரே பாய்

பதினாறு வயதாகியும் நான் வயதுக்கு வரவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பேரன் பேத்தி எடுத்த பிறகு இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். எனக்கு இன்னும் இருக்கிறது, என்ன செய்ய?

கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. நான் ஏழாவது படித்தபோது எங்கள் நிலத்தின் வழியாக உயர் அழுத்த மின்கம்பி போட்டார்கள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு டவர், களத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டவர், நடுவில் வீடு. ஈரக்காற்று அடித்தால் கம்பி 'உஸ்' என்று இரையும். துணி காயப்போடும் கொடிக்கம்பியைத் தொட்டால் சுருக்கென்று விரலைக் கடிக்கும். முதலில் பயந்தோம். அப்புறம் அந்த இரைச்சல் இல்லாமல் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழகிவிட்டது. நானும் தங்கையும் ஒரே பாயில், அந்த இரைச்சலுக்கு நேர் கீழே படுப்போம். அவள் என்னைவிட நான்கு வயது சின்னவள்.

பத்தாம் வகுப்பில் என்னோடு படித்த பெண்கள் எல்லோருக்கும் சடங்கு முடிந்துவிட்டது. நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்துவார்கள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இன்னுமாத்தா?" என்பார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயை ஊற்றி, நான் விழுங்கும்வரை முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். அம்புட்டுக் களியும் எங்கேதான் போயிற்றோ, உடம்பில் ஒட்டவில்லை.

எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு, இருசி. கடைசிவரை பெரிய மனுஷி ஆகாத பெண்ணை அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் யாராவது குரலைத் தாழ்த்தினால் அதைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் இருசி இருந்தால் அவளைக் கட்ட ஆள் வராது என்பது மட்டுமில்லை, அவள் தங்கையைக் கட்ட வருகிறவனும் யோசிப்பான்.

இந்த நிலையில்தான் சித்தப்பா எனக்கு ஒரு நல்லது செய்தார். அவர் மதுரையில் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரும்போது கக்கத்தில் ஏதாவது ஒரு வாரப் பத்திரிகை இருக்கும். அதில் படித்ததை எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்வார். ஒரு நாள் சாப்பிட்டுக் கையைக் கழுவும்போது கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணே, கரண்டு போற கம்பியச் சுத்திக் காந்தம் இருக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது. சும்மா தலைமாட்டுலயே இருந்துச்சுன்னா ஒடம்புக்குள்ள சுரக்குற ஆர்மோன அது கெடுக்குமோ என்னமோன்னு வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு சந்தேகமாம். பொம்பளப் பிள்ளைக ஒடம்புக்கு அந்த ஆர்மோன்தான் எல்லாமே."

சந்தேகம் என்ற பகுதி அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. கையில் இருந்த சொம்போடு முற்றத்துக்குப் போய் மேலே பார்த்து, "நாசமாப் போற கம்பி, எம்பிள்ள வயித்துல மண்ணள்ளிப் போட்டுருச்சே" என்று கத்தினாள். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. குற்றம் என் உடம்பில் இல்லை. மேலே இரைந்துகொண்டு போகிறதே, அதில்தான் இருக்கிறது. மறுநாள் காலையில், வெகு நாளைக்குப் பிறகு, நான் நிமிர்ந்து நடந்து பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன். கம்பியை நான் திட்டவே இல்லை. சொல்லப்போனால் அதன்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

அப்பா மின்சார ஆபீஸுக்குப் போனார், கம்பியைத் தள்ளிப் போடச் சொல்ல. போய் அதிகாரி முன்னால் நின்ற பிறகுதான் காரணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்திருக்கிறார். பெற்ற மகளைப் பற்றி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் எப்படிச் சொல்வார்? கடைசியில், "சார், கம்பி போட்டதுல இருந்து கோழி முட்டை வைக்க மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸே சிரித்திருக்கிறது. "கோழிக்காக டவரப் பிடுங்க முடியுமா பெரியவரே? கோழிய வேணா இடம் மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கோழி நான்தான் என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அதிகாரி சொன்னபடியே கோழியை இடம் மாற்றினார்கள். கோடை விடுமுறைக்கு என்னை அவனியாபுரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மேலே கம்பி கிடையாது, எப்போதாவது ஒரு விமானம்தான் போகும். அத்தை காலையில் எழுந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். வாயால் கேட்கமாட்டாள். காபித் தம்ளரை நீட்டுகிற விதத்திலேயே கேள்வி இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவள், "ஒரு மாசத்துல எப்புடி ஆத்தா எறங்கும்? வருசக்கணக்கா ஏறுன காந்தம்ல" என்றாள். அவள் நல்லவள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அதை அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கம்பியில் காந்தம் இருப்பதை யாராவது நிரூபித்துக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. அறிவியல் டீச்சரிடம் ஏதோ சாக்குச் சொல்லி லேபிலிருந்து ஒரு திசைகாட்டியை வாங்கிவந்தேன். கம்பிக்கு நேர் கீழே, நாங்கள் பாய் போடும் இடத்தில், அதைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தங்கையும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். எதற்கு இது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

ஊசி வடக்கே நாகமலைப் பக்கம் காட்டியது. வெளியே எடுத்துப்போய் டவருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். நாகமலை. கிணற்று மேட்டில் வைத்தேன். நாகமலை. தலைக்கு மேலே கம்பி இரைந்துகொண்டே இருக்கிறது, ஊசியோ அசைந்து கொடுக்கவில்லை.

"ஆடலயேக்கா" என்றாள் தங்கை.

"வாய மூடு" என்றேன்.

கம்பியில் ஒன்றும் இல்லை, எல்லாம் என்னிடம்தான் என்று அன்றைக்கே நான் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்தத் தீர்ப்பு தப்பு என்று பிளஸ் டூ இயற்பியல் படித்தபோதுதான் தெரிந்தது. நம் கம்பிகளில் போகும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அலைகிறது. அதன் காந்தமும் கூடவே அலைகிறது. அந்த வேகத்துக்குத் திசைகாட்டி ஊசியால் திரும்ப முடியாது, அது பாட்டுக்கு வடக்கையே பார்த்துக்கொண்டு நிற்கும். பாடம் நடத்திய சார் இதைச் சொன்னபோது வகுப்பில் நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அது பின்னால். அன்றைக்கு எனக்கு அந்த ஊசி சொன்னதுதான் வேதம்.

அது போதாதென்று அடுத்த மாதமே தங்கை வயதுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் நேராக என்னிடம் வந்து, "அக்கா, பாவாடையில ஏதோ ஆயிருச்சு" என்றாள். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துத் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இவளும் இதே கம்பிக்குக் கீழேதானே படுத்தாள்? ஒரே பாயில், ஒரே போர்வைக்குள், என் தோளில் காலைப் போட்டுக்கொண்டுதானே படுத்தாள்? ஊசிக்குப் பிறகும் எனக்கு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் சாக்கையும் இந்தக் குட்டி பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளே என்று இருந்தது.

அம்மா வந்து பார்த்தாள். கதவைச் சாத்தினாள். அவளுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. தங்கைக்கு முதலில் சடங்கு வைத்தால் ஊர் அதே பந்தியில் உட்கார்ந்து என்னை இருசி என்று சொல்லிவிடும். தங்கைக்கு ஆகவில்லை, எனக்கு ஆனது என்று சொல்வதானால் வெறும் வாயால் சொல்ல முடியாது. எங்கள் ஊர் வழக்கப்படி, முதல் துணியை எடுத்துப்போகச் சலவைக்கார அம்மா வருவாள். துணியைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுச் சேலை கொடுப்பாள். அதற்கப்புறமும் மாதாமாதம் வருவாள். அவள் எடுத்துப்போனால்தான் ஊருக்கு அது உண்மை.

அம்மா தங்கையிடம் வேறு துணியைக் கொடுத்துக் கட்டிவிட்டு, அவள் பாவாடையை என்னிடம் நீட்டினாள்.

"இத நீ கட்டிக்க. ஆனது நீதான். அவ இல்ல" என்றாள். தங்கையின் மோவாயைப் பிடித்து, "அக்கா வாழ்க்கைடி. மூச்சு விட்டுறாத" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

பேரையூரிலிருந்து தாய்மாமன் வேன் பிடித்து வந்தார். பச்சைத் தென்னங்கீற்றில் தன் கையாலேயே நான் ஒதுங்கி உட்காரக் குச்சில் கட்டினார். ரேடியோ செட் அலறியது. தாம்பாளத் தட்டுகள் வரிசையாக வந்தன. அத்தை அவனியாபுரத்திலிருந்து வந்து என் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது காதோரம் குனிந்து, "நாஞ் சொன்னேன்ல, எறங்க நாளாகும்னு" என்றாள். மாமா என் முன்னால் நின்று, "எந்தாயி பெரிய மனுஷி ஆயிட்டா" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் தலையே நிமிர்த்தவில்லை. "பிள்ளைக்கு வெக்கத்தப் பாரு" என்று பந்தலில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். வெட்கம் என்று அவர்கள் எதை நினைத்தார்களோ, எனக்கு அது இல்லை. நிலம் பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

குச்சிலின் கீற்று இடுக்கு வழியாகத் தங்கை தெரிந்தாள். அத்தனை பேருக்கும் சமைக்கக் கிணற்றிலிருந்து அவள்தான் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், இன்னொரு கை அடிவயிற்றில். வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி, "ஏண்டி, அக்கா சடங்குக்கு இம்புட்டு வேலகூடச் செய்யக் கூடாதா? அசைஞ்சு அசைஞ்சு வாரா" என்று அதட்டினாள். தங்கை வேகமாக நடந்தாள்.

ஒரு நாள் கூத்தோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்கார வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர். எந்த வேலையும் கிடையாது. சலவைக்கார அம்மாவும் மாதாமாதம் வந்துவிடுவாள். ஒருத்தி துணியை இரண்டு பேர் துணி என்று காட்ட முடியாது. ஆகவே எனக்கு நிஜமாக ஆகும்வரை தங்கைக்கு ஆனதைச் சொல்ல வழியே இல்லை. அவளுக்கு வரும் நாட்களில் நான் தாழ்வாரத்தில் போய் உட்காருவேன். அவள் என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்வாள். வலி அவளுக்கு, ஓய்வு எனக்கு.

அவளுக்கு வலி அதிகம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து முகம் வெளுத்து நிற்பாள். எனக்குச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, யாரும் இல்லை என்றால் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து கொஞ்சம் நிற்பாள். உட்கார மாட்டாள், யாராவது பார்த்துவிட்டால்? நான் கதைப்புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு வரிகூட ஏறாது. பாசாங்குக்காக உட்கார்ந்தவள், அந்தப் பாசாங்கிலும் எனக்குப் படிக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது பாருங்கள். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு தடவை கேட்டாள். "ஒனக்கு எப்பக்கா வரும்?"

கோபத்தில் கேட்கவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுவரை நான் வேண்டியதெல்லாம் ஊர் வாயை மூட வேண்டும் என்றுதான். அதற்கப்புறம் இவளுக்காக வர வேண்டும் என்று வேண்டினேன்.

திசைகாட்டி சொன்னதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் கம்பியையே பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடிப்பது? களியும் எள்ளும் தின்றாகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கப் போவதாகச் சொல்லி, ஊருக்குள் இருந்த பெரியம்மா வீட்டில் இரவு தங்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் எங்கள் மோட்டார் ரூமில் படுக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். மோட்டாருக்குள்ளும் காந்தம்தானே இருக்கிறது என்று பயந்து விட்டுவிட்டேன். தங்கையைக் கூட்டிப்போக அம்மா சம்மதிக்கவில்லை. கம்பிக்குக் கீழே அந்தப் பாயில் அவள் தனியாகப் படுத்தாள்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால் கம்பிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிற்பாடு, என் முதல் பிரசவத்துக்குப் பார்த்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். சில பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வரை போகும், அவர்கள் உடம்பின் கணக்கு அப்படி என்றார். மின்கம்பியின் காந்தம் ஹார்மோனைத் தொடுமா என்று விடாமல் கேட்டேன். ஆராய்கிறார்கள், இன்னும் தீர்த்துச் சொல்லவில்லை என்றார். ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் ஒருத்திக்குச் சீக்கிரம் வந்தது, ஒருத்திக்குத் தாமதமாக வந்தது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது மட்டும் எனக்கே தெரிந்தது. ஆனால் அந்த வயதில் எனக்கு நிரூபணமா வேண்டியிருந்தது? பழி போட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒரு நேரம் கம்பிமேல் போட்டேன், ஒரு நேரம் என்மேல் போட்டேன். நடுவில் தங்கைதான் சுமந்தாள்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் பெரியம்மா வீட்டிலிருந்து வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தேன். கம்பி உஸ்ஸென்று இரைந்தது. டவரைத் தாண்டும்போது இடுப்பில் இழுத்துப் பிடித்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. பந்தல் இல்லை, மாமா இல்லை, தலைக்கு ஊற்ற ஆள் இல்லை. எனக்கு வர வேண்டியதெல்லாம் முன்னாலேயே வாங்கி ஆகிவிட்டது. கடைசியில் எழுந்து, தாவணியை இழுத்து மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தங்கை கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அவளுக்கும் அன்றைக்கு அந்த நாள். என்னைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு வந்துருச்சுடி."

அவள் குடத்தை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இனிமே நான் உக்காரலாமாக்கா?"

பந்தலில் பொங்காத அழுகை எல்லாம் அப்போது பொங்கியது. அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். "போய் உக்காரு" என்றேன்.

அவள் தாழ்வாரத்துக்குப் போய், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.